மன்னிப்பும் பொறுத்தலும்

கிறிஸ்தவ மன்னிப்பைப் பற்றி எழுதப்படுவதில் பெரும்பகுதி மோசமான எழுத்து என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அதன் பக்தியை நான் குறை சொல்லவில்லை. பக்தி உள்ள இடத்தில் நல்ல எழுத்தும் வந்திருக்கிறது. அகஸ்டினும் டால்ஸ்டாயும் பக்தர்கள்தாம். என் புகார் வடிவத்தைப் பற்றியது. நம் சபைகளில் 'சாட்சி' என்று ஒரு வகை புழங்குகிறது. முதலில் மேடையில் சொல்லப்படும், பிறகு சபைப் பத்திரிகையில் அச்சாகும். ஒருவர் துரோகம் செய்துவிடுகிறார், கசப்பு வேர்விடுகிறது, கசப்பினால் தூக்கம் போகிறது, வயிற்றில் புண் வருகிறது, கன்வென்ஷன் கூட்டத்தின் மூன்றாம் நாள் இரவு பிரசங்கியார் ஒரு வார்த்தை சொல்கிறார், கண்ணீர், மன்னிப்பு, சமாதானம், புண்ணும் ஆறிவிடுகிறது. இந்த வரிசையைச் சிறுவயதிலிருந்து கேட்டுவருகிறேன். சொல்கிறவர் பொய் சொல்கிறார் என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றியதில்லை. ஆனால் ஒரு தடவைகூட அந்த அனுபவம் என்னிடம் வந்து சேர்ந்ததுமில்லை. காரணம், அதில் இரண்டு விஷயங்கள் காணாமல் போகின்றன. துரோகம் செய்த ஆசாமி இரண்டாவது வாக்கியத்துக்குப் பிறகு தென்படுவதில்லை. இழந்த பொருளும் இழந்த வருஷங்களும் என்ன ஆயின என்பதும் சொல்லப்படுவதில்லை. மன்னித்த மாத்திரத்தில் இழப்பே ஆவியாகிவிட்டதாக ஒரு பாவனை.

இழப்பு ஆவியாவதில்லை. அதை யாரோ ஒருவர் தன் தலையில் ஏற்றுக்கொள்கிறார். இந்தச் சாதாரண உண்மையைத் தவறவிடும் எழுத்து எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் மன்னிப்பைப் பற்றிய எழுத்து ஆகாது என்பது என் கட்சி. அதை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

சொல்லிலிருந்து தொடங்கலாம். புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் மன்னிப்புக்கு வழங்கும் முக்கியமான வினைச்சொல் அஃபியேமி. விடு, போகவிடு என்று பொருள். சீஷர்கள் வலைகளை விட்டுவிட்டு இயேசுவின் பின்னால் போனார்கள் என்பதற்கும், பேதுருவின் மாமியைக் காய்ச்சல் விட்டது என்பதற்கும் மத்தேயு இதே வினையைத்தான் பயன்படுத்துகிறார். கை தளர்கிறது, பொருள் விழுந்துவிடுகிறது. பழைய ஏற்பாட்டு எபிரேயத்தில் மன்னிப்புக்கு வரும் சொற்களில் ஒன்று நாசா. அதன் பொருள் நேர் எதிர்த்திசையில் போகிறது: தூக்கு, சும. காயீன் கடவுளிடம் முறையிடும் வாக்கியத்தை, என் தண்டனை சுமக்க முடியாத அளவு பெரிது என்றும் படிக்கலாம், என் அக்கிரமம் மன்னிக்க முடியாத அளவு பெரிது என்றும் படிக்கலாம், வினை ஒன்றுதான். ஏசாயா 53ஆம் அதிகாரத்தில் அநேகருடைய பாவத்தைச் சுமக்கிற தாசனுக்கும் இதே வினைதான் வருகிறது.

இதைப் படித்தபோது எனக்குத் தமிழ்தான் ஞாபகம் வந்தது. மன்னித்தல் என்ற சொல் இன்று தேய்ந்து, பஸ்ஸில் பக்கத்தில் நிற்பவர் காலை மிதித்தால் சொல்கிற சொல்லாகிவிட்டது. ஆனால் பொறு என்கிற வினை நம்மிடம் உயிரோடு இருக்கிறது. பாரம் பொறுக்கிறது, கூரையைத் தூண் பொறுக்கிறது, பிழை பொறுக்கிறது, கொஞ்சம் பொறு என்றால் காத்திரு என்றும் ஆகிறது. சுமப்பதும் மன்னிப்பதும் காத்திருப்பதும் ஒரே வேரில். பொறையுடைமை அதிகாரத்தைத் தொடங்கும்போது வள்ளுவர் நிலத்தை உவமை காட்டுவதும் தற்செயலல்ல. தன்னைத் தோண்டுகிறவனின் கடப்பாரையை மட்டுமல்ல, அவன் எடையையும் அல்லவா நிலம் தாங்குகிறது? எபிரேயம் தமிழுக்கு உறவா என்றெல்லாம் கிளம்பும் ஆராய்ச்சியாளர்களுக்கு இங்கே வேலையில்லை. இரு இனத்து மக்கள் தனித்தனியே ஒரே அனுபவத்தைக் கண்டுகொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

தமிழ்க் கிறிஸ்தவ இலக்கியம் இந்தச் செல்வத்தைப் போதிய அளவு தொடவில்லை என்றே எனக்குப் படுகிறது. 1894இல் வெளிவந்த எச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் கம்பனின் ஓசையைக் கிறிஸ்தவத்துக்குக் கொண்டுவந்த பெரிய காரியம். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதற்கு மூலமான பனியனின் 1678ஆம் வருஷத்து நூலிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. யாத்திரிகன் சிலுவையின் முன் வந்ததும் முதுகிலிருந்த மூட்டை அவிழ்ந்து, உருண்டு, கல்லறைக்குள் விழுந்து மறைகிறது. அற்புதமான படிமம். ஆனால் அந்த மூட்டை அவன் சொந்தப் பாவம். அவன் மன்னிக்கப்படுகிறவன். இன்னொருவன் தன் முதுகில் ஏற்றிவிட்டுப் போன மூட்டையை என்ன செய்வது என்ற கேள்வி பனியனின் கவனத்தின் மையத்துக்கு வருவதேயில்லை. நம் பிரசங்கபீடங்கள் இரண்டு மூட்டைகளையும் ஒன்றாக்கி, இரண்டும் ஒரே மாதிரி உருண்டு விழும் என்று உபதேசிக்கின்றன.

இயேசு சொன்ன உவமை இப்படிக் குழப்பவில்லை. மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் வருவது ஒரு கணக்குக் கதை. ஒரு ஊழியக்காரன் ராஜாவுக்குப் பதினாயிரம் தாலந்து கடன்பட்டிருக்கிறான். அவனுக்கு உடன் ஊழியக்காரன் நூறு வெள்ளிப்பணம் தரவேண்டும். ஒரு தாலந்து சுமார் 6,000 வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம் ஒரு கூலியாளின் ஒரு நாள் கூலி. பதினாயிரம் தாலந்து என்றால் ஆறு கோடி நாள் கூலி. ஞாயிறுகூட ஓய்வெடுக்காமல் உழைத்தால் 1,60,000 வருஷங்களுக்கு மேல் ஆகும். கலிலேயாவும் பெரேயாவும் ஏரோது அந்திப்பாவுக்கு ஆண்டுக்குத் தந்த வருவாய் 200 தாலந்து என்று யோசேப்பஸ் எழுதியிருக்கிறார். ஐம்பது வருஷத்து அரசாங்க வருமானத்தை ஒரு ஊழியக்காரனின் பேரில் எழுதிவைக்கிறது இந்தக் கதை. கேட்டுக்கொண்டிருந்த மீன்பிடிகாரர்கள் சிரித்திருப்பார்கள்.

பிரசங்கிகள் அடுத்த தொகையைத்தான் தப்பாகச் சொல்கிறார்கள். நூறு வெள்ளிப்பணம் அற்பக் காசு, அதற்குப் போய்க் கழுத்தைப் பிடித்தானே பாவி என்பார்கள். நூறு நாள் கூலி அற்பமா? தினக்கூலிக்குப் போகிற எவரையும் கேட்டுப் பார்க்கலாம். மூன்று மாதத்துக்கு மேற்பட்ட சோறு அது. நமக்கு ஒருவர் செய்த தீங்கு சின்னது என்று உவமை சொல்லவேயில்லை. அது நிஜமான பணம். அதை விட்டால் வீட்டில் வலிக்கும். மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். கடன்காரர்கள் இருவரும் ஏறக்குறைய ஒரே வார்த்தைகளில் கெஞ்சுகிறார்கள். இருவரும் கேட்பது தவணை. முதலாமவன் தள்ளுபடி கேட்கவேயில்லை. கேட்காத ஒன்றை ராஜா கொடுக்கிறார். ஐம்பது வருஷத்து வருமானம் ராஜாவின் கஜானாவில் இல்லாமல் போகிறது. அந்தப் பள்ளத்தைப் பார்க்காமல் வெளியே வந்தவன்தான் அடுத்தவன் கழுத்தைப் பிடிக்கிறான். கடன் எங்கோ தானாக மறைந்துவிட்டது என்று அவன் நினைத்திருக்க வேண்டும். கடைசியில் ராஜா கொடுத்ததைத் திரும்பப் பெற்றுக்கொண்டு அவனை உபாதிக்கிறவர்களிடம் ஒப்புக்கொடுக்கிறார் என்பது பலருக்குச் சங்கடமான பகுதி. எனக்கும்தான். ஆனால் அதை நீக்கிவிட்டால் கதை வெறும் நீதிக்கதையாகிவிடும்.

கர்த்தருடைய ஜெபத்திலும் மத்தேயு பாவம் என்று சொல்லாமல் கடன் என்றே சொல்கிறார். லூக்கா அந்த இடத்தில் பாவம் என்று மாற்றிக்கொண்டார். அரமேயத்தில் கடனுக்கும் பாவத்துக்கும் ஒரே சொல் உண்டு என்பது அறிஞர்கள் தரும் விளக்கம். நம் தமிழ் வேதாகமம் மத்தேயுவில் கடன், கடனாளி என்ற சொற்களைத் தயங்காமல் வைத்துக்கொண்டது. ஞாயிறுதோறும் கோயிலில் ஊரே சேர்ந்து கடனைப் பற்றிப் பேசுகிறது. வங்கியில் உட்கார்ந்திருக்கிற எனக்கு அந்த வரி வரும்போது ஆபீஸ் ஞாபகம் வந்துவிடுவது இயல்புதான்.

ஆபீஸ் விஷயம் இங்கே கொஞ்சம் உதவும். வராக்கடன் என்று முடிவான ஒன்றை வங்கி இரண்டு விதமாகக் கையாளலாம். ஒன்று ரைட் ஆஃப். கடனை ஐந்தொகையிலிருந்து எடுத்துவிடுகிறோம். லாபத்தில் ஒதுக்கிவைத்த தொகையால் ஈடு செய்கிறோம். கணக்கைத் தனிப் பதிவேட்டில் வைத்துக்கொள்கிறோம். கடனாளிக்கு எதுவும் மாறுவதில்லை. நோட்டீஸ் போகும், வழக்கு நடக்கும், கிடைத்தவரை வசூல். மற்றது வெய்வர். கடனாளியே விடுவிக்கப்படுகிறான். 10,000 ரூபாய் வரையிலான விவசாயக் கடன்களுக்கு 1990இலும், சிறு குறு விவசாயிகளின் கடன்களுக்கு 2008இலும் மத்திய அரசு செய்தது இந்த இரண்டாவது. அப்போது வங்கிகளுக்குப் பட்ட நஷ்டத்தை அரசு ஏற்றுக்கொண்டது. நம் தினப்பத்திரிகைகள் இரண்டுக்கும் 'தள்ளுபடி' என்ற ஒரே சொல்லைப் போடுகின்றன. பேப்பரில் போட்டிருக்கிறானே, எனக்கு ஏன் இன்னும் நோட்டீஸ் வருகிறது என்று கவுண்டரில் வந்து சண்டை போடுகிறவர்களுக்கு விளக்கிச் சொல்லித் தீராது.

மன்னித்துவிட்டேன் என்று நாம் சொல்வதில் பெரும்பாலானது ரைட் ஆஃப். நம்முடைய மன நிம்மதிக்காக, நம் கணக்கு சுத்தமாகத் தெரிவதற்காக, அதை முன்பக்கத்திலிருந்து எடுத்துவிடுகிறோம். பதிவேடு உள்ளே இருக்கிறது. மன்னியுங்கள், அது உங்கள் ரத்த அழுத்தத்துக்கு நல்லது என்கிற இன்றைய சுயமுன்னேற்றப் புத்தகங்கள் வெளிப்படையாகவே ரைட் ஆஃப் செய்யச் சொல்கின்றன. அவை கிறிஸ்தவ வேஷம் கட்டிக்கொண்டு சபைக்குள் வந்து வெகு காலமாகிறது.

என் அப்பா ஒரு உறவினருக்காக ஜாமீன் கையெழுத்துப் போட்டார். உறவினர் கட்டவில்லை. ஒன்பது வருஷம் அப்பாவின் சம்பளத்தில் பிடித்தார்கள். அந்த ஒன்பது வருஷங்களில் வீட்டில் என்னென்ன நடக்காமல் போயிற்று என்று பட்டியல் போடுவது இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை. நான் சொல்ல வந்தது வேறு. கோயிலில் அவர் பக்கத்தில்தான் நான் நிற்பேன். கர்த்தருடைய ஜெபத்தில் கடனாளி வரி வரும்போது அவர் குரல் நின்றுவிடும். அடுத்த வரிக்குச் சேர்ந்துகொள்வார். அவர் சபைக் கமிட்டியில் இருந்தவர், ஜெபத்தை மறந்தவரல்ல. அம்மா ஒரு தடவை இதைப் பற்றிக் கேட்டபோது, "சொன்னால் செய்யணுமே" என்றார். பிறகு அந்த உறவினர் இறந்தார். பெட்டியைத் தூக்கியவர்களில் அப்பாவும் ஒருவர். கல்லறைத் தோட்டம் வரைக்கும் தோள் மாற்றாமல் வந்தார். அதற்கடுத்த ஞாயிறும் அந்த வரியில் மௌனம்தான். இதை ஒரு சாட்சிக் கூட்டத்தில் சொல்ல முடியாது. முடிவு இல்லை என்பார்கள். நான் கேட்ட சாட்சிகள் எல்லாவற்றையும்விட மன்னிப்பைப் பற்றிய அதிக உண்மை இதில் இருப்பதாக எனக்குப் படுகிறது. அவர் கடனைப் பொறுத்தார்; விட்டுவிட்டதாகச் சொல்லிக்கொள்ள மறுத்தார்.

சாட்சி இலக்கியத்தை முற்றாக ஒதுக்குகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அதன் உச்சம் என்று எல்லோரும் கொள்வது கோரி டென் பூமின் கதை. ஹாலந்தில் ஹார்லம் நகரத்துக் கடிகாரக் கடைக்காரரின் மகள். யூதர்களை வீட்டில் ஒளித்துவைத்ததற்காகக் குடும்பம் 1944 பிப்ரவரியில் கைதானது. பத்து நாளில் தகப்பனார் சிறையில் இறந்தார். அக்கா பெட்ஸி அந்த டிசம்பரில் ராவன்ஸ்புரூக் முகாமில் இறந்தார். கோரி பிழைத்து வந்தார். 1947இல் மியூனிக்கில் ஒரு தேவாலயத்தில் அவர் மன்னிப்பைப் பற்றிப் பேசி முடித்ததும், முகாமில் காவலாக நின்ற ஒருவன் வந்து கையை நீட்டுகிறான். கோரியின் கை எழவில்லை. உள்ளுக்குள் ஜெபிக்கிறார். கையை மட்டும் இயந்திரம்போல நீட்டுகிறார். பிறகு தோளிலிருந்து கைவழியே ஏதோ பாய்ந்ததாகவும், அன்பு பெருகியதாகவும் எழுதுகிறார். 1971இல் வந்த 'தி ஹைடிங் பிளேஸ்' நூலின் இந்தக் காட்சியைக் கேட்காத தமிழ்க் கிறிஸ்தவர் குறைவு.

காட்சி பொய்யென்று சொல்ல எனக்கு உரிமையில்லை. கை எழாமல் நின்ற அந்தச் சில விநாடிகள் நல்ல எழுத்து, நான் மதிக்கிறேன். மின்சாரம் பாய்ந்ததற்குப் பிறகுள்ளது எனக்கு எட்டவில்லை. ஆனால் அதே கோரி முதுமையில் எழுதிய இன்னொரு சம்பவம் உண்டு. அதைப் பிரசங்கிகள் சொல்வது அபூர்வம். கிறிஸ்தவ நண்பர்கள் சிலர் அவருக்குத் தீங்கு செய்துவிடுகிறார்கள். அதெல்லாம் மன்னித்தாகிவிட்டது என்று ஒரு சிநேகிதரிடம் சொல்கிறார். அவர்கள் ஒத்துக்கொண்டார்களா என்று கேள்வி வருகிறது. இல்லை, நடக்கவேயில்லை என்கிறார்கள், ஆனால் என்னிடம் அத்தாட்சி இருக்கிறது, அவர்கள் எழுதிய கடிதங்களை எல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று இவர் சொல்லிவிடுகிறார். சொன்ன வாய் மூடுவதற்குள் தன் நிலை தனக்கே தெரிந்துபோகிறது. பிறகு அந்தக் கடிதங்களை எரிக்கிறார்.

மியூனிக் காட்சியைவிட இதை நான் பெரிதாக மதிக்கிறேன். நாஜிக் காவலாளியை மன்னித்து உலகமெல்லாம் அதைப் பேசி வந்த மனுஷி, சக விசுவாசிகளின் கடிதங்களை வவுச்சர் போல அடுக்கிவைத்திருக்கிறார். எதிரியின் பாவம் பூதாகரமானது. அதை மன்னிப்பதில் ஒரு நாடகத்தன்மை, ஒரு மேடை கிடைத்துவிடுகிறது. நண்பனின் பாவம் தினசரி அளவில், இழுப்பறை அளவில் இருக்கிறது. ஏழெழுபது தரம் என்று பேதுருவுக்குச் சொல்லப்பட்ட கணக்கு இந்த இழுப்பறைக்குத்தான் பொருந்தும். நானூற்றுத் தொண்ணூறு காவலாளிகள் வந்து கை நீட்டப்போவதில்லை. ஒரே துரோகம் நானூற்றுத் தொண்ணூறு ராத்திரிகளில் ஞாபகத்துக்கு வரும். கோரி இதை மறைக்காமல் எழுதியதற்காக அவருடைய மற்ற உபதேசங்களைச் சகித்துக்கொள்ளலாம்.

மியூனிக் காட்சியில் இன்னொரு கேள்வியும் ஒளிந்திருக்கிறது. கோரி அதைத் தொட்டும் விடுகிறார். பெட்ஸியின் மெதுவான சாவை இவன் கேட்டதும் அழித்துவிட முடியுமா என்ற கேள்வி அது. அந்தக் கணக்கு பெட்ஸியின் பேரில் இருக்கிறது. தங்கை கையெழுத்துப் போட்டு அதை முடிக்க முடியுமா? பெட்ஸி முகாமில் இருக்கும்போதே காவலர்களுக்காக ஜெபித்தவர், போருக்குப் பின் அவர்களுக்கும் ஒரு இல்லம் வேண்டும் என்று திட்டம் போட்டவர் என்பதால் கோரிக்கு ஒரு அத்தாட்சி இருந்தது. எல்லோருக்கும் இருக்காது. 1879-80இல் வெளிவந்த கரமசோவ் சகோதரர்களில் இவான் கேட்பது இதைத்தான். ஜெனரல் ஒருவன் எட்டு வயதுப் பண்ணையடிமைச் சிறுவனைத் தாயின் கண் முன்னால் நாய்களை ஏவிக் கொல்கிறான். தாய் தன் துக்கத்தை மன்னிக்கலாம். பிள்ளையின் வேதனையை மன்னிக்க அவளுக்கு அதிகாரமில்லை என்பது இவானின் வாதம். 1969இல் வந்த சைமன் வீசந்தாலின் 'சூரியகாந்தி' இதே கேள்வியை நிஜ வாழ்க்கையிலிருந்து கேட்கிறது. லெம்பெர்க் நகரத்தில், சாகக் கிடக்கும் ஒரு எஸ்.எஸ். சிப்பாய், யூதர்களை வீட்டுக்குள் அடைத்து எரித்ததை முகாம் கைதியான வீசந்தாலிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கிறான். வீசந்தால் பேசாமல் எழுந்து போய்விடுகிறார்.

அல்யோஷா இவானுக்குச் சொல்லும் பதில், எல்லோருக்காகவும் தன் குற்றமற்ற ரத்தத்தைக் கொடுத்த ஒருவர் மன்னிக்கலாம் என்பது. வேதசாஸ்திரமாக அது சரியாக இருக்கலாம். ஆனால் தாஸ்தயேவ்ஸ்கி அவனை மேலே பேசவிடாமல் மகா விசாரணை அதிகாரியின் கதைக்குப் போய்விடுகிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். அந்தப் பதிலைச் சுமக்கிறவர் சொன்னால் ஒரு அர்த்தம். கொன்றவனின் தரப்பிலிருந்து வந்தால் வேறு அர்த்தம்.

இந்த வேறுபாட்டை நம் சபைகள் பார்ப்பதில்லை என்பதுதான் என் கோபம். மன்னியுங்கள் என்ற உபதேசம் எப்போதும் கீழே இருப்பவனை நோக்கியே இறங்குகிறது. புருஷனிடம் அடிபட்டு வருகிறவளுக்கு ஏழெழுபது சொல்லப்படுகிறது. தமிழ்நாட்டில் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டங்களுக்குள்ளேயே தலித்துகளின் பிணத்தைப் பிரிக்கச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். அந்தச் சுவரைப் பற்றிப் பேசினால் பழசைக் கிளறாதீர்கள், மன்னிப்பதல்லவா கிறிஸ்தவம் என்று பதில் வரும். கடன்பட்டவன் கடன் கொடுத்தவனைப் பார்த்துத் தள்ளுபடி செய்வது உன் கடமை என்று வேதவசனம் காட்டுவதற்குச் சமானம் இது. உவமையில் அந்த வேலையைச் செய்ய ஊழியக்காரனுக்குக்கூடத் தைரியம் இல்லை. அவன் தவணைதான் கேட்டான். 1937இல் போன்ஹோஃபர் மலிவான கிருபை என்று பெயரிட்டுத் தாக்கியது இந்த வியாபாரத்தைத்தான். அவர் 1945 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்டவர்; விலையைப் பற்றிப் பேச அவருக்கு யோக்கியதை இருந்தது.

ஒடிசாவில் மனோகர்பூரில் 1999 ஜனவரி 22 இரவு, ஜீப்புக்குள் தூங்கிக்கொண்டிருந்த கிரஹாம் ஸ்டெயின்ஸும் பத்து வயதும் ஆறு வயதுமான இரு மகன்களும் எரிக்கப்பட்டார்கள். மன்னிக்கிறேன் என்று கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் சொன்னார். வழக்கு அதன் வழியில் நடந்தது. தாரா சிங்கின் ஆயுள் தண்டனையை 2011இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. மன்னித்துவிட்டாரே, பின் தண்டனை எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. அவர் முடித்தது தன் கணக்கை. அரசாங்கத்தின் கணக்கு அவர் கையில் இல்லை. பாரிபதாவில் தொழுநோயாளர் இல்லத்துப் பணிக்கு அவர் திரும்பிப் போனதும் அந்தக் கணக்கில் சேர்ந்ததுதான். அவரைப் பற்றி எழுதியவர்கள் இந்தக் கடைசி விஷயத்தை விரிவாக எழுதியிருக்கலாம்.

டால்ஸ்டாய் 1872இல் எழுதிய 'கடவுள் உண்மையைப் பார்க்கிறார், ஆனால் காத்திருக்கிறார்' கதைக்கு வருகிறேன். போரும் அமைதியும் நாவலில் பிளாட்டன் கரட்டாயேவ் சொல்லும் கதையின் விரிவு அது. கலை என்றால் என்ன என்ற நூலில், தன் படைப்புகள் எல்லாவற்றையும் மோசமான கலை என்று தள்ளிவிட்டு டால்ஸ்டாய் விதிவிலக்காக வைத்துக்கொண்ட இரண்டே கதைகளில் ஒன்று. அன்னா கரீனினாவைத் தள்ளிய அந்தத் தீர்ப்பு கிறுக்குத்தனம். ஆனாலும் இந்தக் கதையைப் பற்றி அவர் தப்பாகச் சொல்லவில்லை.

விளாதிமிர் நகரத்து இளம் வியாபாரி அக்ஸியோனவ். சந்தைக்குப் போகிற வழியில் சத்திரத்தில் உடன் தங்கிய வியாபாரி கொலையாகிறான். ரத்தக்கறை படிந்த கத்தி அக்ஸியோனவின் பையில் இருக்கிறது. சவுக்கடி, சைபீரியா, இருபத்தாறு வருஷம். தாடி நரைத்துப் போகிறது. பிறகு மகார் என்ற கைதி வந்து சேர்கிறான். அவன் பேச்சிலிருந்து கொலைகாரன் இவன்தான் என்று அக்ஸியோனவுக்குத் தெரிகிறது. இரண்டு வாரம் தூக்கமில்லை. இதற்குள் மகார் சிறைச் சுவரின் அடியில் சுரங்கம் தோண்டுவதை அக்ஸியோனவ் பார்த்துவிடுகிறான். சுரங்கம் பிடிபட்டு, அதிகாரி வந்து எல்லோரையும் விசாரிக்கிறார். அக்ஸியோனவ் நேர்மையானவன் என்று பெயரெடுத்தவன்; அவன் ஒரு பெயரைச் சொன்னால் போதும்.

அவன் சொல்வதில்லை. இந்த இடத்தை வாசகன் நிதானமாகப் படிக்க வேண்டும். அவன் இன்னும் மன்னித்திருக்கவில்லை. மனதில் வெறுப்பு அப்படியே இருக்கிறது. என் வாழ்க்கையை அழித்தவனை நான் ஏன் காப்பாற்ற வேண்டும் என்று யோசிக்கிறான். இவனைச் சவுக்கால் அடித்துக் கொல்வதால் எனக்கென்ன என்றும் யோசிக்கிறான். பிறகு வாயை மூடிக்கொள்கிறான். சாட்சி இலக்கியத்தில் உணர்ச்சி முதலில் வரும், செயல் பின்னால் வரும். டால்ஸ்டாயிடம் தோள் கொடுப்பது முதலில் நடந்துவிடுகிறது. நெஞ்சு லேசாவது பின்னால்தான். அன்று இரவு மகார் வந்து காலில் விழுகிறான், போய் ஒப்புக்கொள்கிறேன், நீ வீட்டுக்குப் போகலாம் என்கிறான். அக்ஸியோனவின் பதிலில் ஒரு துளி இனிப்புக் கிடையாது. உனக்குச் சொல்வது சுலபம். நான் எங்கே போவேன், மனைவி செத்துவிட்டாள், பிள்ளைகள் என்னை மறந்துவிட்டார்கள் என்கிறான். இழப்பு ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லப்படுகிறது. எதுவும் ஆவியாகவில்லை. மகார் அழுவதைக் கண்ட பிறகுதான் இவனுக்கும் அழுகை வருகிறது. கடவுள் உன்னை மன்னிப்பார், ஒருவேளை நான் உன்னைவிட நூறு மடங்கு மோசமானவனாக இருக்கலாம் என்கிற பொருளில் அவன் சொல்வது அதற்கப்புறம். நான் மன்னித்தேன் என்ற வாக்கியம் அவன் வாயில் வருவதில்லை. மகார் ஒப்புக்கொள்கிறான். விடுதலை உத்தரவு வரும்போது அக்ஸியோனவ் இறந்திருக்கிறான்.

கதை இவ்வளவோடு நின்றிருந்தால் மிக உயர்ந்த சாட்சி என்று சொல்லி விட்டுவிடலாம். கதையின் முன்பகுதியில் ஒரு சிறிய இடம் இருக்கிறது. கைதான கணவனைப் பார்க்க மனைவி சின்னக் குழந்தைகளோடு ஜெயிலுக்கு வருகிறாள். எல்லாம் பேசிவிட்டு, கடைசியில், உண்மையைச் சொல்லுங்கள், நீங்கள்தானா என்று அவளே கேட்டுவிடுகிறாள். அக்ஸியோனவ் முகத்தை மூடிக்கொண்டு அழுகிறான். அன்றோடு மனிதர்களிடம் முறையிடுவதை நிறுத்திவிடுகிறான், மனு எழுதுவதில்லை, கடவுளோடு மட்டும் பேசுகிறான். இருபத்தாறு வருஷத்துச் சிறையைக் கொடுத்தவன் மகார்தான். ஆனால் அவன் வாயை அடைத்தது அவள் கேள்வி. மகாரின் கணக்கை முடிக்க டால்ஸ்டாய் ஒரு முழு இரவைக் கொடுக்கிறார். மனைவியின் கணக்கைப் பற்றி ஒரு வாக்கியம்கூடக் கிடையாது. அவள் இறந்துவிட்ட செய்தியும் மகாரோடு பேசும்போது போகிற போக்கில்தான் நமக்குத் தெரியவருகிறது.